வாசல் தாண்டக் கூடாத மண்

என் வீட்டுச் சுவரில் ஒரு படம் இல்லை, ஒரு பூ இல்லை என்று மருமகள் குறை சொல்லுகிறாள். சொல்லட்டும். அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு மனசில்லை. உங்களுக்குச் சொல்லுகிறேன். நீங்கள் என் வயசுக்காரிகள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச் முற்றத்தில் உட்கார்ந்து பேசினீர்களே. அந்தக் காலத்தில் காசில்லாமல் வீட்டை எவ்வளவு அழகாக வைத்திருந்தோம், குப்பையில் கிடந்ததைக் கொண்டு என்னவெல்லாம் செய்தோம், எவ்வளவு சந்தோஷம் என்று. நான் வாயைத் திறக்கவில்லை. செய்தோம், சரி. சந்தோஷம் என்று எவள் சொன்னாள்?

நான் அஞ்சாம் கிளாஸோடு நின்றவள். சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது.

அப்போது இந்த ஜில்லா திருவிதாங்கூரோடு இருந்தது. வெள்ளைக்காரன் போய் ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். எங்கள் வீடு கடலுக்குப் பக்கம். இரண்டு அறை, ஒரு அடுக்களை, ஓலைக் கூரை. வீட்டில் ஐந்து பேர். அப்பா, அம்மை, அக்கா, நான். பிறகு மாமி. மாமி என்றால் அப்பாவுக்கு மூத்த அக்காள். புருஷன் செத்த பிறகு பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். வீடு தன் அப்பன் கட்டியது என்பது அவளுக்கு எப்போதும் ஞாபகம் இருக்கும். மற்றவர்களுக்கும் ஞாபகப்படுத்துவாள்.

அம்மையும் மாமியும் பேசிக்கொள்ள மாட்டார்கள். நான் பிறப்பதற்கு முன்னாலேயே பேச்சு நின்றுபோயிற்று. என்ன சண்டை என்று கேட்டால் இரண்டு பேரும் இரண்டு கதை சொல்லுவார்கள். ஒரே அடுக்களைதான். ஒரே பானைதான். ஆனால் எதுவானாலும் என் வழியாகத்தான் போகும்.

"ஏட்டி, உங்க அம்மைகிட்ட சொல்லு. குழம்பிலே உப்பு இல்ல."

அம்மை ஒரு முழம் தள்ளித்தான் நிற்பாள். "மக்கா, மாமிகிட்ட சொல்லு. உப்பு பரணிலே இருக்கு. கை இருக்கப்பட்டவங்க எடுத்துப் போடலாம்."

நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் நின்றால் போதும்.

அப்பாவுக்கு மண் கம்பெனியில் வேலை. கடற்கரை மண்ணை வாரி, சலித்து, பிரித்து, சாக்கில் கட்டும் வேலை. எங்கள் கடற்கரை மண் மற்ற ஊர் மண் மாதிரி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். கறுப்பு உண்டு. சிவப்பு உண்டு. தேன் நிறத்தில் ஒரு மஞ்சள் உண்டு. அதை வைத்து வெளிநாட்டில் என்னவோ செய்வார்களாம். அதனால் அந்த மண்ணை ஒருத்தரும் ஊரை விட்டு வெளியே கொண்டு போகக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு. ரோட்டில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போடுவார்கள். கம்பெனி ஆள் வீட்டு மண் பிடிபட்டால் வேலை போகும். ஜெயிலும் உண்டு. அப்பா தினம் வேலை முடிந்து கம்பெனி வாசலில் நின்று வேட்டி மடிப்பை உதறிக் காட்டிவிட்டுத்தான் வருவார். வீட்டுக்கு வந்ததும் காலைக் கழுவுவார். நக இடுக்கில் இருக்கும் கறுப்பைக் கூடத் தென்னை ஈர்க்கால் நோண்டி எடுப்பார். அவ்வளவு பயம்.

அக்காளுக்கு இருபது தாண்டியாயிற்று. அந்தக் காலத்தில் அது அதிகம். அதற்கு முன் வருஷம் ஒரு இடத்திலிருந்து வீடு காண வந்தார்கள். இப்போது இருக்கிற பிள்ளைகளுக்கு வீடு காண்பது என்றால் என்னவென்று தெரியாது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து வீட்டைச் சுற்றிப் பார்ப்பார்கள். அடுக்களைக்குள் போவார்கள். பானையைத் திறப்பார்கள். கட்டில் கீழே குனிவார்கள். பிறகுதான் மாப்பிள்ளை வருவதும் வராததும். அவர்கள் போய்ச் சொல்லி அனுப்பிய பதில்: "இருட்டு வீடு. பொண்ணு முகமே தெரியல்ல."

அக்காள் கறுப்பு. அதைத்தான் அப்படிச் சொன்னார்கள். அம்மைக்கு அது விளங்கவில்லை. இருட்டு என்றால் இருட்டுதான் என்று எடுத்துக்கொண்டாள்.

அடுத்த இடம் குலசேகரத்துப் பக்கம். ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதுகிற பையன். சபை உபதேசியார்தான் பேசினார். "ஆவணியிலே வீடு காண வருவாங்க. கொஞ்சம் ஒதுக்கி வச்சுக்கிடுங்க" என்றார்.

அன்று தொடங்கினாள் அம்மை.

சிப்பிச் சுண்ணாம்பு கரைத்துச் சுவர் முழுக்க அடித்தாள். ஆனி மழையில் அது காயவில்லை. மறுபடி அடித்தாள். டீக்கடைக்காரனிடம் தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் வெள்ளித் தாளைக் கேட்டு வாங்கி வந்தாள். விளக்கு வைக்கும் மாடத்துக்குள் அதை ஒட்டினாள். விளக்கு ஏற்றினால் வெளிச்சம் இரட்டிப்பாக வரும். தேங்காய்ச் சிரட்டையைக் கண்ணாடித் துண்டால் சுரண்டி வழுவழுப்பாக்கி, அதில் வெற்றிலைக் கொடி வைத்துத் தொங்கவிட்டாள்.

பிறகு கடதாசி மணித் திரை. நீங்களும் செய்திருப்பீர்கள். பழைய காலண்டர் தாளை நீள முக்கோணமாக வெட்ட வேண்டும். ஈர்க்கில் சுற்ற வேண்டும். நுனியில் பசை தொட்டு ஒட்டி உருவி எடுத்தால் ஒரு மணி. பசை மரச்சீனிக் கிழங்கு மாவில் காய்ச்சுவோம். கரப்பான் தின்னாமலிருக்கத் துரிசு, அந்த நீல விஷக் கல், ஒரு பொடி போடுவோம். மணியின் மேலே புன்னை எண்ணெய் தடவி வெயிலில் வைப்போம். அந்த நாற்றம் இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. நல்ல நாற்றம் இல்லை.

மாமி மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பாள்.

"ஏட்டி, இது வீடா, எண்ணெய்ச் செக்கா? கேளு உங்க அம்மைகிட்ட."

"மூக்கு இருக்கப்பட்டவங்க வெளியே போயி இருக்கலாம்ணு சொல்லு மக்கா."

"எனக்க அப்பன் கட்டின வீட்டிலே இருந்து என்னை வெளியே போவச் சொல்ல இவ ஆருண்ணு கேளு."

அம்மை பூதப்பாண்டிப் பக்கத்து வயல் ஊரில் பிறந்தவள். அங்கே மண் என்றால் ஒரே சேறு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்கள் கடற்கரை மண்ணைப் பார்த்து அவளுக்கு ஆச்சரியம் தீரவில்லை. கடற்கரையில் பிறந்தவர்களுக்கு அது மிதித்து நடக்கிற சாமான். அதை எடுத்து வீட்டில் அழகுக்கு வைக்கலாம் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றாது. வயல்காரிக்குத்தான் தோன்றும்.

ஆடி மாதம் கடல் பொங்கி இறங்கிய பிறகு கரையில் கறுப்பு மண் பாய் விரித்த மாதிரிக் கிடக்கும். ஓரத்தில் சிவப்பு வரி வரியாக. அலையே பிரித்துப் போட்டிருக்கும். விடியக்காலம் அக்காளையும் என்னையும் அம்மை அனுப்பினாள். சிரட்டையால் மேலோடு மேலாக வார வேண்டும். அழுத்தி வாரினால் நிறம் கலந்துவிடும். கறுப்பு மண் இரும்பு மாதிரி கனக்கும். ஒரு சட்டி மண்ணுக்கு எனக்கு இடுப்பு ஒடிந்தது. கிணற்று நீரில் இரண்டு தடவை அலசி உப்பைப் போக்கிப் பாயில் காயப்போட்டோம்.

ஆஸ்பத்திரி மருந்துக் குப்பிகள் ஆறேழு அம்மை சேர்த்து வைத்திருந்தாள். சாம்பல் போட்டுக் கழுவினோம். அதில் மண்ணை அடுக்கினது அக்காள். அம்மை சொன்னது வெறும் வரிதான், ஒரு நிறத்துக்கு மேல் ஒரு நிறம். அக்காள் ஈர்க்கை உள்ளே விட்டுக் கண்ணாடி ஓரமாகக் குத்தினாள். குத்திய இடத்தில் மேல் மண் கீழே இறங்க, இடையில் கீழ் மண் மலை மாதிரி நின்றது. இன்னொரு குத்து, இன்னொரு மலை. கறுப்பு மலை, சிவப்பு வானம், கீழே மஞ்சள் வயல். ஒரு குப்பிக்கு ஒரு நாள் ஆகும். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்வாள். வாய் வரை நிறைத்து, சர்ச்சில் மிஞ்சிய மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றி மூடினாள். கொஞ்சம் இடம் விட்டால் ஆடி எல்லாம் கலந்து போகும்.

அக்காள் அதிகம் பேசாதவள். அவளுக்கு ஒன்று நன்றாக வரும் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. அன்று நானும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா சாயங்காலம் வந்தார். சுவர்ப் பலகையில் குப்பிகள் வரிசையாக இருந்தன. பார்த்தார்.

"இது ஏது?"

"கடலு கொண்டு போட்டது. உங்க கம்பெனியிலே இருந்து ஒண்ணும் எடுக்கல்ல" என்றாள் அம்மை.

"எங்கேயிருந்து எடுத்தாலும் மண்ணு மண்ணுதான். பிடிக்கிறவன் கேக்கமாட்டான்."

"வீட்டுக்குள்ள இருக்குதுக்கு என்ன? பொண்ணுக்க காரியம் முடியட்டும். பொறவு கொட்டிருவோம்."

அப்பா வாசலை எட்டிப் பார்த்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "இருக்கட்டும். ஆனா இதிலே ஒரு மணி மண்ணு கூட வாசல் தாண்டக் கூடாது. தாண்டினா நமக்குக் கஞ்சி இல்ல. கேட்டியளா?"

கேட்டோம். மாமியும் கேட்டாள். அடுக்களையிலிருந்து, "வயக்காட்டுக்காரிக்குப் பவுசு கூடிப்போச்சு. என் தம்பியை ஜெயிலுக்கு அனுப்பிட்டுத்தான் அடங்குவா" என்றாள். அது யாரிடமும் சொல்லி அனுப்பிய பேச்சில்லை.

ஆவணியில் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மை, அவளுடைய தம்பி, இன்னும் இரண்டு பெண்கள். கூட உபதேசியார். அம்மை முந்திரிக்கொத்தும் பழமும் சாயாவும் வைத்தாள். வழக்கப்படி வீடு பார்த்து முடிந்த பிறகுதான் அதில் கை வைப்பார்கள்.

மாப்பிள்ளையின் அம்மை உயரமான ஆள். குரலும் உயரம். அடுக்களையைப் பார்த்தாள். பானையைத் திறந்தாள். "சுத்தம் உண்டு" என்றாள். மணித் திரையைக் கையால் அளைந்து பார்த்தாள். அது சளசளவென்று சத்தம் போட்டது. கூட வந்த பெண் சிரித்தாள். "மழை பெய்யுத மாதிரி இருக்கு மயினி." பிறகு பலகைக்கு வந்தாள். ஒரு குப்பியை எடுத்தாள். கனத்தில் கை இறங்கிவிட்டது.

"அம்மோ! உள்ள என்ன, ஈயமா?"

"மண்ணு" என்றாள் அம்மை.

"இந்த மலையெல்லாம் ஆரு வரஞ்சா?"

"வரையல்ல. மண்ணை அடுக்கினது. பொண்ணுதான் செய்தா."

அந்த அம்மாள் அக்காளைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். "கொள்ளாம், நல்லாருக்கு. இவளுக்குக் கை உண்டு." குப்பியை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினாள். "இத நான் கொண்டுபோறேன் கேட்டியளா. எனக்க மோன் பாக்கட்டும். பொண்ணுக்க முகத்தைப் பொறவு பாப்பான். மொதல்ல கையைப் பாக்கட்டும்."

எங்கள் பக்கத்தில் ஒரு நினைப்பு உண்டு. வீடு காண வந்தவர்கள் ஒரு பொருளைக் கேட்டால் காரியம் பாதி முடிந்த மாதிரி. கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் பெண்ணைக் கொடுக்க மனசில்லை என்று அர்த்தம்.

உபதேசியார் முகம் மலர்ந்தது. அக்காளின் முகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிப் பார்த்ததில்லை.

அம்மை அப்பாவைப் பார்த்தாள். அப்பா தோளில் கிடந்த துவர்த்தை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அம்மை முந்திரிக்கொத்துத் தட்டை நகர்த்தி வைத்தாள்.

அப்போது மாமி வந்தாள்.

"தாருங்க. தூசி இருக்கு. தொடச்சுத் தாறேன்" என்று அந்த அம்மாள் கையிலிருந்து குப்பியை வாங்கினாள். முந்தானையால் ஒரு துடை துடைத்தாள். கையை விரித்தாள். கீழே வாசற்படிக் கல். குப்பி சிதறியது. மலையும் வானமும் ஒரு குவியலாகக் கிடந்தன. கலந்துவிட்டால் அந்த மண்ணுக்கு ஒரு நிறமும் இல்லை. அழுக்கு நிறம்.

"கை வழுக்கிற்று" என்றாள் மாமி.

மாப்பிள்ளையின் மாமன் நெற்றியைச் சுருக்கினார். "காரியம் பேச வந்த இடத்திலே குப்பி உடையுது. என்ன உபதேசியாரே?"

அப்போதுதான் அக்காள் அசைந்தாள். அதுவரை மூலையில் நின்றவள். பலகைக்கு ஓடி இன்னொரு குப்பியை எடுத்து வந்தாள். இருந்ததில் நல்லது. இரண்டு கையாலும் நீட்டினாள்.

"இன்னும் இருக்கு" என்றாள். அவர்கள் முன்னால் அவள் பேசிய ஒரே பேச்சு.

அந்த அம்மாள் கை நீட்டுவதற்குள் மாமி அதைப் பிடுங்கினாள். இந்தத் தடவை துடைக்கவில்லை. கல்லில் ஓங்கி அடித்தாள். பிறகு மூலையில் இருந்த கூட்டுகிற வாரியலை எடுத்தாள். பலகையில் மிச்சமிருந்ததையெல்லாம் ஒரே இழுப்பில் தள்ளினாள்.

கண்ணாடித் துண்டு ஒன்று உருண்டு போய்ச் சாயாத் தம்ளரில் முட்டி நின்றது.

"இந்தக் கிழவிக்குப் பேய் பிடிச்சிருக்கா?" என்றாள் அந்த அம்மாள்.

"எங்க வீட்டுச் சாமானை நாங்க உடைப்போம்" என்றாள் மாமி. "கேட்டு வாங்கிட்டுப் போறதுக்கு இது சந்தையா?"

அவர்கள் எழுந்தார்கள். முந்திரிக்கொத்தை ஒருத்தரும் தொடவில்லை. உபதேசியார் செருப்பைக் கூடச் சரியாகப் போடாமல் பின்னால் ஓடினார்.

அம்மை மாமிக்கு நேரே போய் நின்றாள். நான் நடுவில் இல்லை. அவர்கள் நேருக்கு நேர் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"மயினி, எனக்க பிள்ளைக்க தலையிலே மண்ணள்ளிப் போட்டுட்டிய."

"மண்ணை வீட்டுக்குக் கொண்டுவந்தது நீ."

"நீங்க நல்லா இருக்கமாட்டிய."

"நான் எப்ப நல்லா இருந்தேன்? உனக்க புருஷன் நாளைக்கு வேலைக்குப் போவாம்லா? அது போதும்."

அப்பா மண்ணையும் கண்ணாடியையும் வாரிச் சாக்கில் போட்டார். கடலில் கொட்டிவிட்டு வந்தார். காலைக் கழுவினார்.

இரண்டு நாள் கழித்து உபதேசியார் வந்தார். உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார். "அவங்களுக்கு வேண்டாமாம். அந்த வீட்டுப் பேச்சே எடுக்காதேண்ணு சொல்லியாச்சு." போகத் திரும்பியவர் மறுபடி சொன்னார். "அண்ணைக்குப் போற வழியிலே பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கிட்டாங்க. அந்த அம்மைக்க வெத்திலைப் பெட்டியைக் கூட கொட்டிப் பாத்தாங்க. என்ன எழவுக்குண்ணு தெரியல்ல."

எங்களுக்குத் தெரிந்தது. அப்பா சுவரில் சாய்ந்துகொண்டார்.

மாமி அதை விடவில்லை. அன்று ராத்திரி கஞ்சிக்கு உட்காரும்போது தொடங்கினாள். "ஏட்டி, உங்க அம்மைகிட்ட கேளு. இந்தக் கஞ்சி ஆரு ஊத்துகதுண்ணு."

"மாமிகிட்ட சொல்லு மக்கா. எனக்க பிள்ளையைக் கொன்னு எனக்குக் கஞ்சி ஊத்த வேண்டாம்."

இப்படியே பல வருஷம். மாமி சாகும் வரை.

அவள் செய்தது நல்லதா, கெட்டதா என்று நீங்கள் கேட்பீர்கள். ரொம்ப காலம் கெட்டது என்றே நினைத்தேன். பிறகு, அவள்தான் அப்பாவைக் காப்பாற்றினாள் என்று நினைத்தேன். இப்போது இரண்டும் இல்லை. அப்பாவின் வேலை போகக் கூடாது என்று முதல் குப்பியைப் போட்டாள். அதை நான் நம்புகிறேன். வாரியலை எடுத்தபோது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தையும் நான் பார்த்தேன். அம்மையின் மூன்று மாத வேலையை ஒரே இழுப்பில் தள்ள அவளுக்கு ஒரு நியாயம் கிடைத்துவிட்டது. நியாயம் கிடைத்தால் மனுஷர் எதையும் செய்வார்கள்.

எனக்குக் கோபம் அவள் மேல் மட்டும் இல்லை. "அம்மா, அது வெளியே கொண்டுபோகக் கூடாத மண்ணு. வேற என்ன வேணுமானாலும் எடுங்க." இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அப்பா சொல்லவில்லை. போலீஸ் என்ற சொல் அந்த நேரத்தில் வாயில் வரக் கூடாது என்று நினைத்தார். அம்மை சொல்லவில்லை. தான் கொண்டுவந்தது தப்பு என்று மாமி முன்னால் ஒத்துக்கொண்டது மாதிரி ஆகிவிடும். மாமிக்குச் சொல்லத் தெரியாமலா? உடைக்கத்தான் பிடித்தது. மூன்று பெரிய மனுஷர். மூன்று பேருக்கும் தங்கள் தங்கள் கௌரவம். நடுவில் நின்றது அக்காள். அன்று ராத்திரி அவள் சாப்பிட்டாளா என்று கூட யாரும் கேட்கவில்லை.

அந்தக் காலத்தில் பெரியவர்கள் நமக்காக உயிரை விட்டார்கள் என்று இனி என் முன்னால் சொல்லாதீர்கள்.

அக்காள் அழவில்லை. பலகையில் குப்பிகள் இருந்த இடத்தில் வட்டம் வட்டமாகத் தடம் இருந்தது. ஈரத் துணியால் அதைத் துடைத்தாள். வெகுநாள் கழித்து, நெல் அவித்துக்கொண்டிருந்தபோது, கேட்காமலேயே என்னிடம் சொன்னாள்.

"அவங்க அத கேட்டாங்கல்லா. எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு பிள்ளே. சந்தோஷத்திலே."

அதற்குப் பிறகு எந்த இடமும் சரியாக அமையவில்லை. குப்பி உடைந்த வீடு என்று பேச்சு பரவிவிட்டது. உடைத்தவள் கிழவி. பெயர் பெண்ணுக்கு.

மூன்றாம் வருஷம் குளச்சல் பக்கத்திலிருந்து பெண் கேட்டு ஒரு ஆள் வந்தது. பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர். பெண்டாட்டி செத்து இரண்டு பிள்ளைகள். அவருக்கு இது இரண்டாம் கல்யாணம். அப்பாவை விட ஏழெட்டு வயசுதான் குறைவு. அப்பா சரி என்றுவிட்டார்.

அன்று சாயங்காலம் அம்மை பெட்டியிலிருந்து புதிய காலண்டர் தாள்களை எடுத்தாள். எப்போது சேர்த்து வைத்தாள் என்று தெரியாது. அக்காளைப் பக்கத்தில் உட்கார வைத்து, முக்கோணமாக வெட்டத் தொடங்கினாள். அடுப்பில் மரச்சீனி மாவுப் பசை கொதித்துக்கொண்டிருந்தது. பழைய திரையைக் கழற்றிவிட்டு இன்னும் நெருக்கமாக ஒன்று கட்ட வேண்டும், சுவருக்கு ஒரு தடவை சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வெட்டினாள்.

மாமி கதவு நிலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். குரலை உயர்த்தாமல், யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"என்னத்துக்கு இதெல்லாம்? ரெண்டாம் கெட்டுக்கு வீடு காண ஆரும் வரமாட்டாங்க."

அம்மை கத்திரியைக் கீழே வைத்தாள். அக்காள் எழுந்து போய் அடுப்பிலிருந்து பசையை இறக்கினாள்.